தண்ணீர் இறங்காத வாஷிங் மெஷின்: பம்ப்தான் போய்விட்டதா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வீடு. முன்பக்கம் கதவு வைத்த ஏழு கிலோ மெஷின், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. துவைத்து முடித்த பிறகும் டிரம்மில் தண்ணீர் அப்படியே நிற்கிறது, பிழியும் சுற்று வருவதில்லை, திரையில் ஒரு பிழைக் குறி மின்னுகிறது. பாலக்காட்டிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "பம்ப் போய்விட்டது, 3,800 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கூடவே, அம்மா வீட்டு செமி ஆட்டோமேட்டிக்கிலும் தண்ணீர் இறங்க மறுக்கிறது என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருந்தாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன், பம்ப் செத்துவிட்டதா இல்லையா என்று வீட்டிலிருந்தபடியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அது. பெரும்பாலும் முடியும்.

பொள்ளாச்சியில் நான் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை இது. கோபாலபுரம் தாண்டி உங்கள் பக்கத்து வீடுகளுக்கும், எருத்தேம்பதி, வடகரப்பதி வரைக்கும் போவதுண்டு. தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் பம்பை மாற்றாமலேயே வேலை முடிந்துவிடுகிறது. ஃபில்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் பம்பின் மீது பழி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர்.

அந்தப் பிழைக் குறி என்ன சொல்கிறது என்பதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். எல்ஜியில் ஓஇ, சாம்சங்கில் 5இ அல்லது 5சி, போஷில் இ18 என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி காட்டும். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: குறித்த நேரத்துக்குள் தண்ணீர் வெளியேறவில்லை. பம்ப் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் மட்டம் மட்டும்தான். எனவே தடை நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கலாம். தண்ணீர் பம்புக்கு வந்து சேராமல் இருக்கலாம். வந்தும் பம்ப் சுற்றாமல் இருக்கலாம். பம்ப் தள்ளியும் வெளியே போக வழியில்லாமல் இருக்கலாம். அல்லது தண்ணீர் எல்லாம் போன பிறகும் போனது மெஷினுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் டிரம்மில் கண்ணுக்குத் தெரியும்படி தண்ணீர் நிற்பதால் நான்காவதை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். டிரம் காலியாக இருந்தும் கதவு திறக்காமல் அதே குறியைக் காட்டினால் மட்டும் அதை நினைவில் கொள்ளுங்கள். தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாயில் சோப்புச் சகதி அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்ய மேல்மூடியைக் கழற்ற வேண்டும் என்பதால், பழக்கமானவரிடம் விடுவது நல்லது.

எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மெஷினுக்குப் பின்னால் இருக்கும் சாம்பல் நிற டிரெயின் குழாயின் நுனியை, அது சொருகியிருக்கும் பிவிசி குழாயிலிருந்து உருவுங்கள். குழாய் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வீடு கழுவும்போது மெஷினைத் தள்ளி, திரும்ப வைக்கும்போது நசுங்கிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். பிறகு ஒரு ஸ்டூல் மேல் வாளியை வைத்து, குழாய் நுனியை அதில் விட்டு ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரை வெளியேற்றும் புரோகிராமையோ வெறும் ஸ்பின்னையோ ஓட விடுங்கள். நல்ல பம்ப் என்றால் சாதாரண வாளியை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் நிரப்பும். தண்ணீர் அப்படிப் பீய்ச்சி அடித்தால், உங்கள் மெஷினில் கோளாறே இல்லை. கோளாறு வீட்டுக் குழாயில்.

உங்கள் ஊரில் இது நான் நினைத்ததைவிட அதிகம். உங்கள் ஊர் இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கேரளத்தில் மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. துவைத்த தண்ணீரையும் வீணாக்க மனம் வராமல் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பி விடுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்காக மண்ணில் புதைத்த பிவிசி குழாய்க்குள் தென்னை வேர் புகுந்துவிடும், சேறு கட்டிவிடும். மேலே மெஷின் பாவம் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்னொன்று குளவி. வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் வீட்டைப் பல மாதம் பூட்டிவிட்டு வந்து மெஷினைப் போட்டால் தண்ணீர் இறங்காது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வாயைக் குளவி மண்ணால் பூசி மூடியிருக்கும். ஒரு தென்னை ஈர்க்குச்சியால் குத்தினால் தீர்ந்தது.

வாளிச் சோதனையில் தண்ணீர் வராவிட்டால் ஃபில்டருக்கு வாருங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பல வீடுகளில் வயரிங் மாறிப்போய், சுவிட்சை அணைத்த பிறகும் மெஷினுக்குள் மின்சாரம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். அறுபது டிகிரித் தண்ணீர் முட்டி மேல் கொட்டினால் கொப்புளம்தான். மெஷினின் முன்பக்கம் கீழே, வலது அல்லது இடது மூலையில், ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் கைப்பிடி போன்ற ஃபில்டரும், பல மெஷின்களில் அதற்குப் பக்கத்தில் முனை மூடிய சின்னக் கறுப்புக் குழாயும் தெரியும். அந்தக் குழாயை வெளியே இழுத்து, தட்டையான பாத்திரத்தில் விட்டு மூடியை எடுங்கள். தண்ணீர் ஒரு பெரிய வாளிக்கு மேலேகூட வரும், எனவே அவசரப்படாமல் பாத்திரத்தை மாற்றி மாற்றி வையுங்கள். குழாய் இல்லாத மாடல் என்றால் ஃபில்டரை இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்தி, பாத்திரம் நிறைந்ததும் மறுபடி இறுக்கி, இப்படியே காலி செய்ய வேண்டும். மெஷினைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டப் பார்க்காதீர்கள். மெஷினை இயக்கும் மின்னணுப் போர்டு நனைந்தால் 3,800 ரூபாய் சின்னத் தொகையாகிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வேலை தெரிந்தவர்களே பலர் இதைப் பார்ப்பதில்லை. டிரம்மில் தண்ணீர் நிறைய நிற்கும்போது ஃபில்டரைத் தளர்த்தினால் தண்ணீர் குபுகுபுவென்று பாய வேண்டும். சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால் அடைப்பு ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறது என்று பொருள். அதாவது டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் டப்பிலிருந்து பம்புக்கு வரும், மடிப்பு மடிப்பான ரப்பர்க் குழாயில். அதற்குள் குழந்தையின் காலுறையோ கைக்குட்டையோ உட்கார்ந்திருக்கும். இந்த நிலையில் புதிய பம்ப் போட்டாலும் தண்ணீர் இறங்காது. அந்த ரப்பர்க் குழாயைக் கழற்ற, மாடலைப் பொறுத்து மெஷினின் முன்பக்கத்தையோ அடிப்பக்கத்தையோ திறக்க வேண்டியிருக்கும். கை பழகியவருக்கு அரை மணி நேர வேலை, முதல் முறை செய்பவருக்கு அரை நாள் வேலை. கிளிப்பைத் திரும்பச் சரியாக மாட்டாவிட்டால் அடுத்த நாள் வீடு முழுக்கத் தண்ணீர்.

தண்ணீர் பாய்ந்து வந்து தீர்ந்துவிட்டது என்றால் ஃபில்டரை முழுவதும் கழற்றி ஒரு வெள்ளைத் துணி மேல் வையுங்கள். சாம்பல் நிறத்தில் வழவழப்பான ஒரு பசை அதைச் சுற்றி அப்பியிருக்கும். சோப்புத் தூள், துணி நார், உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்து ஆன பசை அது. அதற்குள் விரலை விட்டுத் துழாவினால்தான் வீட்டின் வரலாறு தெரியும். ஊக்கு, கொண்டை ஊசி, ஒரு ரூபாய் நாணயம், சட்டைப் பொத்தான், தோப்பிலிருந்து வந்த வேட்டியில் ஒட்டிய தேங்காய் நார், செட்டு முண்டின் கசவுக் கரையிலிருந்து உதிர்ந்த ஜரிகை இழை எல்லாம் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட வீடுகளில் அறுந்துபோன துளசி மணிகள் கிடைக்கும். அவை அளவில் அந்த வழிக்கென்றே செய்தவை போலப் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. உடைந்த கண்ணாடியோ கூரான கம்பியோ இருக்கலாம் என்பதால், கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஃபில்டர் இருந்த துளைக்குள் டார்ச் அடித்தால், கடைசியில் இம்பெல்லர் என்கிற சின்ன இறக்கைச் சக்கரம் தெரியும். அதன் தண்டைச் சுற்றி முடியோ நூலோ சுற்றியிருந்தால் கொறடாவால் இழுத்து எடுங்கள். பிறகு ஒரு குச்சியால் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றாது. கொஞ்சம் போய் நிற்கும், அழுத்தினால் சட்டென்று துள்ளி அடுத்த இடத்துக்குப் போகும். இது பழுது இல்லை. சாதாரண டிரெயின் பம்பின் உள்ளே இருப்பது காந்தம், துள்ளுவது அந்தக் காந்தத்தால்தான். அதைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, பம்ப் இறுகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் கெட்டுப்போனதற்கு அடையாளம் இவை: எவ்வளவு அழுத்தினாலும் அசையாமல் இருப்பது, எந்தத் துள்ளலும் இல்லாமல் லொடலொடவென்று சுற்றுவது, சக்கரம் பக்கவாட்டில் ஆடுவது, இறக்கை உடைந்திருப்பது. பல மாதம் ஓடாமல் கிடந்த மெஷினில் உப்புப் படிந்து சக்கரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் குச்சியால் மெதுவாக அசைத்துக் கொடுத்தால் பல நேரம் விட்டுவிடும்.

ஃபில்டரைக் கழுவி, அதன் ரப்பர் வளையத்தில் துரும்பு ஒட்டாமல் பார்த்து, மரை தப்பிக் கோணலாகப் போகாதபடி இறுக்குங்கள். சோப்பு போடும் இழுப்பறை வழியாக அரை வாளித் தண்ணீர் ஊற்றி, துணி இல்லாமல், மீண்டும் தண்ணீர் வெளியேற்றும் புரோகிராமை ஓட விடுங்கள். இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு கீழே உட்காருங்கள். சக்கரம் சுற்றும் சத்தமும் தண்ணீர் போகும் சத்தமும் கேட்டால் வேலை முடிந்தது. 'உம்' என்ற உறுமல் மட்டும் வந்து, தண்ணீர் அசையவில்லை என்றால் பம்புக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. சிக்கல் இன்னும் மிச்சம் இருக்கிறது, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. எந்தச் சத்தமும் இல்லை என்றால் மூன்று வாய்ப்புகள் உண்டு: பம்பின் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அறுந்திருக்கலாம், வயர் இணைப்பு கழன்றிருக்கலாம் அல்லது துருப்பிடித்திருக்கலாம், போர்டிலிருந்து மின்சாரம் வராமல் இருக்கலாம். இவற்றில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது; சொல்பவரையும் நம்பாதீர்கள்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். பிளக்கைப் பிடுங்கிய நிலையில், பம்பின் இரண்டு முனைகளிலும் ஓம் அளவு பாருங்கள். 230 வோல்ட்டில் ஓடும் சாதாரண டிரெயின் பம்ப் பெரும்பாலும் 100 முதல் 200 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் போய்விட்டது, பம்பை மாற்ற வேண்டியதுதான். அந்த அளவு சரியாக இருந்து, சக்கரமும் ஒழுங்காகத் துள்ளி, அப்படியும் சத்தமே இல்லை என்றால் சந்தேகத்தைப் போர்டு பக்கம் திருப்புங்கள். இதில் இரண்டு விலக்குகள் உண்டு. சில புதிய மாடல்களில் உள்ள பம்ப் நேர்மின்சாரத்தில் (டிசி) ஓடுவது, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சில பம்புகளில் சூடேறினால் தானே அறுத்துக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கும். அது சூட்டில் செத்தது போலிருந்து, ஆறியதும் உயிர் பெறும். காலையில் முதல் துவைப்பு சரியாக ஓடி, அடுத்த துவைப்பில் தண்ணீர் நின்றால் இதை நினையுங்கள். மெஷின் ஓடும்போது பம்பில் வோல்ட்டேஜ் வருகிறதா என்று அளக்கும் வேலையைத் தயவுசெய்து நீங்கள் செய்ய வேண்டாம். தரை ஈரமாக இருக்கும், நீங்கள் குனிந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரு காரணத்தை வேண்டுமென்றே இதுவரை சொல்லவில்லை, ஏனென்றால் அதை யாரும் கோளாறு என்றே நினைப்பதில்லை. நுரை. கையால் துவைப்பதற்கான சோப்புத் தூளை முன்பக்கக் கதவு மெஷினில் போட்டால் நுரை பொங்கிவிடும். அந்தப் பம்ப் தண்ணீரைத்தான் தள்ளும், நுரையைத் தள்ளாது. மெஷின் மூச்சுத் திணறி, தண்ணீர் இறங்கவில்லை என்று குறி காட்டும். கதவுக் கண்ணாடி வழியே பாதிக்கு மேல் வெள்ளையாகத் தெரிந்தால், அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். நுரை அடங்கியதும் தானாக இறங்கும். விலை குறைவு என்று எந்தத் தூளையும் போடுவதில்லை என்று எல்லா வீட்டிலும் சத்தியம் செய்கிறார்கள். அலமாரியில் பாக்கெட் வேறு கதை சொல்லும்.

உப்புத் தண்ணீரால்தான் இப்படி ஆனதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் கடினமானது என்பது உண்மை, அது மெஷினைக் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது முதலில் கெடுப்பது தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரை. தண்ணீர் இறங்காததற்கு உப்பு மட்டுமே காரணமாக இருப்பது அரிது. தூள் அதிகமாகி, எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைத்து, அந்தப் பசை சேர உப்பு துணை செய்கிறது, அவ்வளவுதான். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, நூறு கிராம் அளவில் வெறும் டிரம்மில் போட்டு, துணி இல்லாமல் அறுபது டிகிரியில் எப்போதாவது ஓட விடுவது நல்லது. அதோடு பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும். சிக்கிய நாணயத்தை எலுமிச்சை உப்பு கரைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்படி நம்பி ஒரு வாரம் காத்திருந்த வீடு உண்டு.

இவ்வளவும் பார்த்து, பம்ப்தான் என்று உறுதியானால் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பழைய பம்பின் ஒட்டுச் சீட்டில் உள்ள எண், வாட், அது உட்காரும் விதம், வயர் முனை ஆகியவை பொருந்தினால் வெளிக்கடைப் பம்பே போதும். கம்பெனி விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும், உழைப்பதும் பல வருடம் உழைக்கிறது. வாரண்டி மிச்சம் இருந்தால் மட்டும் வெளியாளைத் தொட விடாதீர்கள். பொள்ளாச்சி பக்கம்தானே என்று இங்கே கம்பெனி சென்டருக்கு போன் செய்தாலும், உங்கள் பின்கோடைப் பார்த்துப் பாலக்காட்டு ஆளைத்தான் அனுப்புவார்கள். எல்லையோரத்தில் வீடு வைத்திருப்பதற்கான வரி அது. யார் மாற்றினாலும் உங்கள் கண்முன்னால் மாற்றச் சொல்லுங்கள், பழைய பம்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதில் உதிரிப்பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

அம்மா வீட்டு மெஷின் வேறு வகை, அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. செமி ஆட்டோமேட்டிக்கில் பொதுவாக டிரெயின் பம்பே கிடையாது. மேலே இருக்கும் திருகு குமிழை டிரெயின் பக்கம் திருப்பும்போது உள்ளே ஒரு பட்டையோ கம்பியோ ரப்பர் வால்வைத் தூக்கும், தண்ணீர் தன் எடையால் கீழே ஓடும். எனவே குமிழைத் திருப்பும்போது கையில் எந்த இறுக்கமும் தெரியாமல் லேசாகச் சுற்றினால் பட்டை அறுந்திருக்கிறது. பெரிய செலவில்லாத பழுது. இறுக்கம் தெரிந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் வால்வில் துணி நார் அடைத்திருக்கும். ஆனால் இரண்டையும் பார்ப்பதற்கு முன் டிரெயின் குழாயைப் பாருங்கள். உங்கள் மெஷினில் அந்தக் குழாயின் நுனி தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், கீழே கிடந்தால் தண்ணீர் ஏற ஏற வெளியே ஓடிவிடும். அம்மாவுடையதில் நேர் எதிர், குழாய் முழுக்கத் தரையில் கிடக்க வேண்டும். குளியலறை வாசற்படி நான்கு விரல் உயரம் இருந்து, குழாய் அதன்மேல் ஏறி இறங்கினால் போதும், தண்ணீர் தயங்கி நின்றுவிடும். அப்படித்தான் இருக்கிறது என்றால், மெஷினைக் குளியலறைக்குள் தள்ளி வைத்தோ, அடியில் ஒரு ஸ்டாண்டு போட்டு உயர்த்தியோ பாருங்கள். மெஷினை ஈரத் தரைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், அந்த பிளக் பாயிண்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகு செய்யுங்கள்.